கிடை அச்சா, நிலைக்குத்து அச்சா? காற்றுச் சுழலிகள் இரண்டையும் ஒப்பிடுதல்



காற்றுச் சக்தி என்னும் பாடப்பரப்பில் பலரும் புள்ளிகளை இழப்பது இரண்டு இடங்களில்தான். மன்னார்க் காற்றாலையின் படத்தைக் காட்டி "இது எவ்வகைச் சுழலி?" என்று கேட்டால், வகுப்பில் பாதிப்பேர் "நிலைக்குத்து அச்சுச் சுழலி" என்று எழுதிவிடுவார்கள். காரணம் கேட்டால் "சேர், கோபுரம் நேராகத்தானே நிற்கிறது" என்பார்கள். கோபுரம் அச்சு அன்று. இறக்கைகள் எந்தத் தண்டைச் சுற்றிச் சுழல்கின்றனவோ அந்தத் தண்டே அச்சு. மன்னாரில் அந்தத் தண்டு கோபுரத்தின் உச்சியிலுள்ள பெட்டிக்குள் நிலத்துக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கிறது. ஆகவே அது கிடை அச்சுச் சுழலி.

இரண்டாவது இடம் இதைவிடச் சிக்கலானது. நிலைக்குத்து அச்சுச் சுழலியின் நன்மைகளை மாணவர்கள் ஒப்புவிப்பார்கள்: எத்திசைக் காற்றிலும் சுழலும், மின்பிறப்பாக்கி நிலமட்டத்தில் இருக்கும், பழுதுபார்ப்பது இலகு, இரைச்சல் குறைவு. கிடை அச்சுக்கு இவ்வளவு நீண்ட பட்டியல் இல்லை. "அப்படியாயின் மன்னாரில் முப்பது சுழலிகளும் ஏன் கிடை அச்சாக உள்ளன?" என்று அடுத்த வரியில் கேட்டால் பேனை நின்றுவிடும். பட்டியலை மனனம் செய்தவர் அதற்கு விடை எழுத முடியாது. அந்த ஒரு வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சை இனங்காணல்

பனையோலைக் காற்றாடியை எல்லோரும் செய்திருப்பீர்கள். ஈர்க்கில் குத்தி, காற்று வரும் பக்கத்துக்கு நேரே பிடித்தால் அது சுற்றும். பக்கவாட்டில் திருப்பினால் நின்றுவிடும். இதன் அச்சு கிடையானது. காற்றாடியை நீங்கள் கையால் திருப்பிப் பிடிப்பது போல, பெரிய சுழலியின் தலைப்பகுதியை மோட்டார்கள் காற்றின் திசைக்குத் திருப்புகின்றன.

வானிலை அவதான நிலையத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணக் கருவி வேறுவகை. மூன்று அல்லது நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள் ஒரு நேர்த்தண்டைச் சுற்றிச் சுழல்கின்றன. காற்று எப்பக்கமிருந்து வந்தாலும் அது சுழலும், திருப்ப வேண்டியதில்லை. இது நிலைக்குத்து அச்சு.

வரலாற்றில் நாம் அறிந்த மிகப் பழைய காற்றாலைகளும் நிலைக்குத்து அச்சுடையவையே. கிழக்குப் பாரசீகத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவை இருந்தமைக்குக் குறிப்புகள் உண்டு. ஈரானின் நஷ்டிபான் என்னும் ஊரில் மண்ணும் வைக்கோலும் மரமும் கொண்டு கட்டப்பட்ட இத்தகைய ஆலைகளைக் காணலாம். அங்கே ஏன் நிலைக்குத்து அச்சைத் தெரிவு செய்தார்கள்? வீட்டில் குரக்கன் திரித்த திருகைக் கல்லை நினைத்துப் பாருங்கள். அதன் அச்சு நிலைக்குத்தானது. காற்றாலையின் தண்டும் நிலைக்குத்தாக இருந்தால், இடையில் பற்சில்லு எதுவுமின்றி நேரடியாகக் கல்லைச் சுழற்றலாம். ஐரோப்பாவின் கிடை அச்சு ஆலைகளிலோ சுழற்சியின் திசையை மாற்ற மரப் பற்சில்லுகள் வேண்டியிருந்தன. ஆகவே மாவரைக்கும் வேலைக்கு நிலைக்குத்து அச்சு பொருத்தமான தெரிவே. செய்யவேண்டிய வேலை மாறும்போது பொருத்தமும் மாறும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நஷ்டிபான் ஆலைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்று வரும் பக்கத்தில் சுவர் எழுப்பி, ஒரு பாதிக்கு மட்டும் காற்று படும்படி வழி விட்டிருப்பார்கள். மறுபாதி சுவரின் மறைவில் இருக்கும். அவ்வாறு மறைக்காவிட்டால் ஒரு பக்கப் பலகைகளைக் காற்று முன்னே தள்ளும்; மறுபக்கப் பலகைகள் அதே காற்றை எதிர்த்து வரவேண்டியிருக்கும். இந்தப் பாதிச் சுற்றுப் பிரச்சினை, நவீன நிலைக்குத்து அச்சுச் சுழலிகளையும் வேறு வடிவத்தில் தொடர்கிறது.

காற்றில் எவ்வளவு சக்தி உண்டு?

இனி ஒரு சிறு கணிப்பு. பயப்பட வேண்டாம், ½mv² தெரிந்தால் போதும்.

ஒரு கன மீற்றர் வளியின் திணிவு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். மன்னார்த் தீவின் தென்கரையில் உள்ள தம்பபவனி காற்றாலையில் ஒரு சுழலியின் இறக்கைகள் வரையும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். எனவே ஆரை 63 மீற்றர். வட்டத்தின் பரப்பு 22/7 × 63 × 63 = 12,474 சதுர மீற்றர். இதனை வீச்சுப் பரப்பு என்போம்.

காற்று செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். ஒரு செக்கனில் இந்த வட்டத்தினூடாகச் செல்லும் வளியின் திணிவு 1.2 × 12,474 × 8, அதாவது ஏறத்தாழ 1,20,000 கிலோகிராம். நூற்றிருபது தொன்! கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு இவ்வளவு பாரமா என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். அந்த வளியின் இயக்கப்பாட்டுச் சக்தி ½ × 1,20,000 × 8 × 8 = 38,40,000 யூல். இது ஒரு செக்கனுக்குரியது. ஆகவே வலு ஏறத்தாழ 3.8 மெகாவாற்று.

இதனை முழுவதும் பிடித்துவிட முடியாது. முழுவதையும் பிடித்தால் சுழலியின் பின்புறத்தில் காற்று அசையாமல் நிற்கும். பின்னால் வரும் காற்றுக்கு வழி இராது. எந்தச் சுழலியும் தன்னூடாகச் செல்லும் காற்றின் சக்தியில் 59.3 வீதத்துக்கு மேல் பெற முடியாது என்பதை ஜேர்மனிய அறிஞர் அல்பேட் பெட்ஸ் 1920 அளவில் காட்டினார். இது பெட்ஸ் எல்லை எனப்படும். நல்ல நவீன கிடை அச்சுச் சுழலி 40 வீதத்துக்கு மேல் பெறுகிறது.

இந்தக் கணிப்பில் வேகம் இரண்டு இடங்களில் வருவதைக் கண்டீர்களா? திணிவைக் காணும்போது ஒருமுறை, v² இல் இருமுறை. மொத்தம் மூன்று முறை. எனவே வலு காற்றின் வேகத்தின் கனத்துக்கு விகிதசமமானது. வேகம் பாதியானால் வலு பாதியாவதில்லை; எட்டில் ஒன்றாகிவிடும். செக்கனுக்கு 4 மீற்றர் காற்றில் மேற்சொன்ன 3.8 மெகாவாற்று 0.5 மெகாவாற்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. "சற்றுக் குறையும்" என்று எழுதும் மாணவர் இந்த இடத்தை விளங்கிக்கொள்ளவில்லை என்பது திருத்துபவருக்கு உடனே தெரியும்.

நிலத்தருகே மரம், வீடு, புதர் ஆகியவற்றோடு உராய்ந்து காற்று வேகம் குறைகிறது. உயரே போகப் போக வேகம் கூடுகிறது. திறந்த சமவெளிக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் கணிப்பின்படி, 10 மீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 5 மீற்றராக உள்ள காற்று 90 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 6.8 மீற்றராக இருக்கும். வேகம் மூன்றில் ஒரு பங்கு அளவே கூடியது; வலுவோ இரண்டரை மடங்காகிறது. ஆகவே பெரிய வட்டமும் உயர்ந்த இடமும் உள்ள சுழலியே வெல்லும். உயரமான கோபுரத்தின் உச்சியில் பெரிய வட்டத்தைத் தாங்குவது கிடை அச்சுக்கு இயல்பான அமைப்பு. "மின்பிறப்பாக்கி நிலமட்டத்தில் இருக்கும்" என்று நிலைக்குத்து அச்சின் நன்மையாக எழுதுகிறோமே, அதற்குக் கொடுக்கும் விலை இங்கேதான் தெரிகிறது. அவ்வமைப்பில் இறக்கைகளின் கீழ்ப்பகுதி நிலத்தருகே உள்ள மெலிந்த காற்றில் சுழலவேண்டி வருகிறது.

தள்ளுதலும் உயர்த்துதலும்

நிலைக்குத்து அச்சுச் சுழலிகள் இருவகைப்படும். இவ்வேறுபாட்டை எழுதாத விடை பாதி விடையே.

முதலாவது, பின்லாந்து நாட்டவரான சிகுர்ட் சவோனியஸ் 1920களில் அமைத்த சவோனியஸ் சுழலி. ஒரு பீப்பாவை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, பாதிகளைச் சற்று விலக்கிப் பொருத்தினாற்போல இருக்கும். குழிந்த பக்கத்தில் காற்று பலமாகத் தள்ளும். குவிந்த பக்கத்தில் வழுக்கிச் செல்லும். இந்த வேறுபாட்டாலேயே அது சுழல்கிறது. காற்று மானியின் கிண்ணங்களும் இப்படித்தான். தள்ளுவிசையால், அதாவது இழுவை விசையால் இயங்கும் இவ்வகைக்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் வேகத்திலேயே கிண்ணமும் ஓடத் தொடங்கினால் காற்றால் அதனை மேலும் தள்ள முடியாது. ஆகவே இது மெதுவாகச் சுழலும். பெறும் சக்தியும் பெரும்பாலும் 20 வீதத்துக்கு உட்பட்டதே. ஆனால் தானாகவே சுழலத் தொடங்கும், குழம்பிய காற்றிலும் நிற்காது, கட்டுவதும் எளிது.

இரண்டாவது, பிரெஞ்சுப் பொறியியலாளர் ஜோர்ஜ் டரியஸ் 1920களில் காப்புரிமை பெற்ற சுழலி. இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துச் சுழற்ற, நடுவில் ஒருவர் கயிறடிப்பாரல்லவா? அப்போது கயிறு எடுக்கும் வளைவே இதன் இறக்கையின் வடிவம். இறக்கை வேகமாகச் சுழலும்போது அதனை வளைத்து முறிக்கும் விசை குறைந்து, இழுக்கும் விசை மட்டுமே மிஞ்சும்படி இவ்வடிவம் அமைகிறது. இவ்வகை உயர்த்து விசையால் இயங்குகிறது. விமானத்தின் இறக்கை போன்ற குறுக்குவெட்டுள்ள இறக்கையின் இரு பக்கங்களிலும் வளியின் அமுக்கம் வேறுபடுவதால் தோன்றும் விசை இது. பாய்மரத் தோணி காற்றோடு நேரே போவதைவிடக் குறுக்கே போகையில் விரைந்து செல்வதை மீனவர்கள் அறிவர். அவ்வாறே உயர்த்து விசையால் இயங்கும் இறக்கை, காற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஓடலாம்.

மன்னார்ச் சுழலியும் இதே உயர்த்து விசையால்தான் சுழல்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அது சோம்பேறித்தனமாகச் சுற்றுவது போலிருக்கும். நிமிடத்துக்கு 12 சுற்று என்று கொள்வோம். வட்டத்தின் சுற்றளவு 22/7 × 126 = 396 மீற்றர். ஐந்து செக்கனில் ஒரு சுற்று. எனவே இறக்கை நுனியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 79 மீற்றர்; மணிக்கு 285 கிலோமீற்றர்! யாழ்தேவி ஒருநாளும் இந்த வேகத்தில் ஓடியதில்லை.

அப்படியானால் டரியஸ் சுழலியும் கிடை அச்சுச் சுழலியும் சமம்தானே என்று கேட்கலாம். இங்கேதான் பாதிச் சுற்றுப் பிரச்சினை மீண்டும் வருகிறது. கிடை அச்சுச் சுழலியின் இறக்கை சுற்றின் எந்த இடத்தில் இருந்தாலும் காற்றை ஏறத்தாழ ஒரே கோணத்தில் சந்திக்கிறது. சுற்று முழுவதும் வேலை செய்கிறது. டரியஸ் சுழலியின் இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை காற்றுக்கு முன்னாலும் ஒருமுறை பின்னாலும் செல்கிறது. பின்னால் செல்லும்போது முன்னால் சென்ற இறக்கை குழப்பிவிட்ட காற்றே அதற்குக் கிடைக்கிறது. சைக்கிள் மிதிக்கும்போது மிதி நேர் மேலேயும் நேர் கீழேயும் உள்ள கணத்தில் வலு கிடைப்பதில்லை அல்லவா? அதுபோல இச்சுழலியின் திருப்பமும் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக் குறைந்து துடிக்கிறது. இலட்சக்கணக்கான சுற்றுகள் இவ்வாறு இழுபட்டுத் தளர்ந்தால் உலோகம் களைத்து வெடிக்கும். போதாக்குறைக்கு இது பெரும்பாலும் தானாகச் சுழலத் தொடங்காது. மோட்டாரினால் தொடக்கிவிட வேண்டும்.

கனடாவில் நின்றுபோன இராட்சதச் சுழலி

இது வெறும் கொள்கை அன்று. பெருஞ்செலவில் செய்து பார்க்கப்பட்டது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபின் கனடாவும் அமெரிக்காவும் டரியஸ் சுழலிகளில் மிகுந்த நம்பிக்கை வைத்தன. 1980களில் கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கில் அவை நாட்டப்பட்டன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் காப்-ஷா என்னும் இடத்தில் 'எயோல்' என்னும் சுழலி எழுந்தது. உயரம் 110 மீற்றர். ஏறத்தாழ 4 மெகாவாற்று வலுவுக்கென வடிவமைக்கப்பட்டது. உலகில் கட்டப்பட்ட நிலைக்குத்து அச்சுச் சுழலிகளுள் இதுவே மிகப் பெரியது.

1993 இல் அது நின்றது. காரணம், முழு அமைப்பின் பாரத்தையும் தாங்கிய அடிப்பகுதித் தாங்கி பழுதடைந்ததே. பெயாரிங் எனப்படும் இத்தாங்கியை மாற்றுவதென்றால் அதன் மேலுள்ள அத்தனையையும் தூக்க வேண்டும். "எல்லாம் நிலமட்டத்தில் இருப்பதால் பழுதுபார்ப்பது இலகு" என்று நாம் எழுதும் வரியை இந்தச் சுழலியை நினைத்துக்கொண்டு ஒருமுறை வாசியுங்கள். மின்பிறப்பாக்கியைப் பொறுத்தவரை அந்த வரி உண்மை. அடித் தாங்கியைப் பொறுத்தவரை உண்மையன்று. கலிபோர்னியச் சுழலிகளின் அலுமினிய இறக்கைகளில் உலோகக் களைப்பு தோன்ற, அவற்றை நிறுவிய நிறுவனமும் 1997 இல் முறிவடைந்தது.

இலங்கையில்

நம் நாட்டில் மின்சார சபை 1999 இல் அம்பாந்தோட்டையில் 600 கிலோவாற்று வீதம் ஐந்து சுழலிகளைக் கொண்ட 3 மெகாவாற்று முன்னோடித் திட்டத்தை அமைத்தது. 2010 இல் புத்தளம் மாவட்டத்து மாம்புரியிலும், 2014 இல் கிளிநொச்சி மாவட்டத்துப் பளைப் பகுதியிலும் தனியார் காற்றாலைகள் மின் வழங்கத் தொடங்கின. 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்ட தம்பபவனியில் 3.45 மெகாவாற்றுச் சுழலிகள் முப்பது உள்ளன. மொத்தம் 103.5 மெகாவாற்று. இவை அனைத்தும் மூன்று இறக்கையுள்ள கிடை அச்சுச் சுழலிகளே.

இதற்குப் புவியியல் காரணம் ஒன்றும் உண்டு. மே முதல் செப்ரெம்பர் வரை சோழகம் தென்மேற்கிலிருந்து வீசும்; ஆண்டின் முடிவிலும் தொடக்கத்திலும் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். மாதக்கணக்காகக் காற்று ஏறத்தாழ ஒரே திசையிலிருந்து வரும் கரையில், "எத்திசைக் காற்றிலும் சுழலும்" என்ற நன்மைக்கு அதிக பெறுமதி இல்லை. சுழலியின் தலை சிறிது சிறிதாகத் திரும்பினால் போதும். இதனை மொன்சூன் காற்றோடு தொடர்புபடுத்தி எழுதும் மாணவர் மிகக் குறைவு. எழுதுபவரின் விடை தனித்துத் தெரியும்.

நகரத்தில் நிலைமை வேறு. மாடிக் கட்டடங்களில் மோதிய காற்று ஒரு நிமிடத்திலேயே பலதிசை மாறும். அங்கே கிடை அச்சுச் சுழலி திசை தேடியே களைத்துவிடும். கூரை, வீதி விளக்கு, தொலைத்தொடர்புக் கோபுரம் போன்ற இடங்களுக்கு நிலைக்குத்து அச்சு பொருந்தும். ஆயினும் அளவை மறந்துவிடக் கூடாது. 2 மீற்றர் உயரமும் 1 மீற்றர் அகலமும் உள்ள சவோனியஸ் சுழலி, செக்கனுக்கு 5 மீற்றர் காற்றில் எவ்வளவு தரும்? ஒரு சதுர மீற்றருக்கு ½ × 1.2 × 125 = 75 வாற்று; இரண்டுக்கு 150. அதில் 15 வீதம் பிடித்தால் 22 வாற்று. இரண்டு மூன்று எல்.ஈ.டி. மின்குமிழ்கள் எரியும். "வீட்டுக்கு முழு மின்சாரம்" என்று விளம்பரத்தோடு யாராவது வந்தால், தந்தையார் காசை எடுக்குமுன் இந்தக் கணக்கைச் செய்து காட்டுங்கள். (தொழிற்சாலைக் கூரைகளில் பளபளவென்று சுழலும் உருண்டைகள் மின் தருவன அல்ல, உள்ளிருக்கும் வெப்ப வளியை வெளியேற்றுவன. அவற்றை உதாரணமாக எழுத வேண்டாம்.)

நிலைக்குத்து அச்சின் கதை முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். கிடை அச்சுச் சுழலிகள் ஒன்றின் குழம்பிய காற்று மற்றொன்றில் படாதிருக்க விட்டத்தின் பல மடங்கு இடைவெளி விட்டு நாட்டப்படுகின்றன. சிறிய நிலைக்குத்து அச்சுச் சுழலிகளை எதிரெதிராகச் சுழலும் சோடிகளாக நெருக்கி நாட்டினால், குறைந்த நிலத்தில் கூடிய வலு பெறலாம் என அமெரிக்க ஆய்வாளர் ஜோன் டபிரி 2011 இல் காட்டினார். ஆழ்கடலில் மிதக்கும் சுழலிக்குப் பாரம் கீழே இருப்பது நல்லது என்பதால் அங்கும் ஆய்வு நடைபெறுகிறது. 2015 இல் சுவீடன் கரையில் 30 கிலோவாற்று அளவில் ஒன்று மிதக்கவிடப்பட்டது.

மன்னாரைப் பற்றி எழுதும்போது அங்கு வாழ்பவர்களையும் மறக்கக் கூடாது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் வங்காலைச் சரணாலயம் அருகே உள்ளது. 2010 இல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தீவில் மேலும் காற்றாலைகள் அமைவதை எதிர்த்து 2025 இல் மக்கள் வீதிக்கு வந்தனர். வெள்ளநீர் வடிந்தோட வழியில்லாமற் போதல், மீன்பிடி, பறவைகள் ஆகியன அவர்கள் எழுப்பிய பிரச்சினைகள். "நிலைக்குத்து அச்சைப் போட்டால் தீர்ந்துவிடும்" என்று சில விடைகளில் காண்கிறேன். அதே 103.5 மெகாவாற்றுக்குச் சிறிய சுழலிகள் எத்தனை ஆயிரம் வேண்டும், அவற்றின் அத்திவாரங்களும் பாதைகளும் எவ்வளவு நிலத்தை எடுக்கும் என்று எண்ணாமல் அப்படி எழுதக் கூடாது. காற்றாலை சூழலுக்கு எந்தத் தீங்கும் செய்யாது என்று எழுதுவதும் அவ்வாறே தவறு.

பயிற்சி வினாக்கள்

1. பனையோலைக் காற்றாடி, கிண்ணக் காற்று மானி, திருகைக் கல் ஆகியவற்றின் அச்சுகளை இனங்கண்டு எழுதுக.

2. காற்றின் வேகம் செக்கனுக்கு 5 மீற்றரிலிருந்து 10 மீற்றராக உயரும்போது ஒரு சதுர மீற்றரினூடாகச் செல்லும் காற்றின் வலு எத்தனை மடங்காகும்? கணித்துக் காட்டுக. (விடை: 75 வாற்று 600 வாற்றாகும், 8 மடங்கு.)

3. "நிலைக்குத்து அச்சுச் சுழலியைப் பழுதுபார்ப்பது இலகு." இக்கூற்றை எயோல் சுழலியின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்க.

4. மன்னார்க் கரையிலும் கொழும்பின் மாடிக் கட்டடம் ஒன்றின் கூரையிலும் காற்றுச் சுழலி அமைப்பதற்கு ஆலோசனை கேட்கப்படுகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வகையைச் சிபாரிசு செய்வீர்? காற்றின் திசை, உயரம், வீச்சுப் பரப்பு ஆகிய மூன்றையும் பயன்படுத்திக் காரணம் தருக. (வகையின் பெயரை மட்டும் எழுதினால் ஒரு புள்ளிதான் கிடைக்கும். மிகுதிப் புள்ளிகள் காரணங்களுக்கே.)